கரி போட்ட கத்தரிப் பாத்தி

ராஜாக்கள் கிரீடத்தைக் கழற்றாமலே தூங்கிய அந்தக் காலத்தில், குறும்பனூர் நாட்டைச் செண்பகமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். யானை, சேனை எல்லாம் இருந்தும் அவனுக்கு ஒரே பைத்தியம், கத்தரிக்காய். அரண்மனைக் கொல்லையில் தானே பாத்தி கட்டி, தானே நாற்று நடுவான். காய் மட்டும் நெல்லிக்காய்க்கு மேல் பருக்காது.

ஒரு நாள் பக்கத்து நாட்டு ராஜா கூடை நிறையக் கத்தரிக்காய் அனுப்பிவைத்தான். ஒவ்வொன்றும் குழந்தையின் தலை பெரிசு. செண்பகமாறனுக்கு அன்று சோறே இறங்கவில்லை.

"போரில் தோற்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். கத்தரிக்காயிலா தோற்பது? நம் மண்ணுக்கு என்னதான் போடுவது?" என்று சபையில் கத்தினான்.

சபையோரில் ஒருவரான வல்லபராயர் துள்ளி எழுந்தார். மந்திரி பதவி மேல் அவருக்கு வெகுநாளாகக் கண். "அடியேனிடம் ராஜசூரணம் இருக்கிறது, மகாராஜா! தங்க பஸ்பம், கஸ்தூரி, குங்குமப்பூ, எல்லாம் தேனும் பன்னீரும் விட்டுக் குழைத்தது. ஒரு பிடி போட்டால் போதும், காயை யானை கட்டித்தான் இழுக்க வேண்டும்!"

மந்திரி குழந்தைவேலர் சிரித்துவிட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

"என்ன சிரிப்பு, மந்திரியாரே?"

"மன்னிக்க வேண்டும், மகாராஜா. மடைப்பள்ளி அடுப்புக்கரி போதுமே. தூளாக்கி, கோமியத்திலும் சாணக் கரைசலிலும் நன்றாக ஊறவைத்துப் போட வேண்டும். ஊறாத கரி மண்ணின் சத்தைத் தானே குடித்துவிடும். ஊறிய கரி செடிக்கு ஊட்டிவிடும்."

"கேட்டீர்களா, மகாராஜா! உங்கள் பாத்திக்கே கரி பூசப் பார்க்கிறார்!" என்றார் வல்லபராயர்.

"இரண்டையும் போட்டுப் பார்ப்போம். சூரணம் ஜெயித்தால் வல்லபராயரே மந்திரி. நாட்டில் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் அத்தனை பேரும் அதைத்தான் வாங்கிப் போட வேண்டும்!" என்று ராஜா உத்தரவு போட்டான்.

குழந்தைவேலருக்குக் கவலை வேறு. பதவி போனால் போகட்டும். நாலு வெண்டைச்செடி வைத்திருக்கிறவன் கஸ்தூரிக்கு எங்கே போவான், பாவம்!

சோதனை தொடங்கியது. சூரணப் பாத்தியைத் தடவிக்கொடுத்து, "இது என் செல்லம்" என்று ராஜா சொல்லித் தொலைத்தான். மாம்பழம் புளிக்கிறது என்று ராஜா சொன்னால், கடித்தே பார்க்காமல் அத்தனை பேரும் பல் கூசுகிற சபை அது. விடுவார்களா? சேனாதிபதி சூரணப் பாத்திக்குக் குடை பிடித்தார். ராஜகுரு பால் ஊற்றினார். கவிராயர் ஒவ்வொரு தளிருக்கும் ஒரு பாட்டுப் பாடினார். கரிப் பாத்தியில் ஒருவர் வாய் கொப்பளித்தார், இன்னொருவர் ஆட்டை அவிழ்த்துவிட்டார்.

குழந்தைவேலர் ராஜாவிடம் ஓடினார். "மகாராஜா, நாம் மண்ணைச் சோதிக்கவில்லை, இவர்களுடைய முகஸ்துதியைச் சோதிக்கிறோம். மூன்று பாத்தி போடுவோம். ஒன்றில் சூரணம், ஒன்றில் கரி, ஒன்று வெறும் மண். எதில் எது என்று மகாராணிக்கு மட்டும் தெரியட்டும். எனக்கும் வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்."

"எனக்குமா?"

"உங்கள் மூக்கு நுனியைப் பார்த்தே இவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், மகாராஜா."

மகாராணி உடனே ஒப்புக்கொண்டாள். "கோலிக்குண்டுக் குழம்பு தின்று எனக்கும் அலுத்துவிட்டது" என்றாள். சூரணத்தையும் கரியையும் ஆழப் புதைத்து, மூன்றின் மேலும் ஒரே செம்மண்ணைப் பரப்பினாள். மோப்பம் பிடித்து வருகிறவர்களுக்காக, வெறும் பாத்தியின் வரப்பில் ஒரு குடம் பன்னீரையும் ஊற்றிவைத்தாள்.

சபையோர் தவித்துப்போனார்கள். எந்தப் பாத்தியைப் புகழ்வது? ராஜா ஒரு பாத்தியருகே தும்மினான் என்று அத்தனை பேரும் தண்ணீர்க் குடத்தோடு அங்கே ஓடினார்கள். குழந்தைவேலர் பார்த்தார். சபையை மூன்றாகப் பிரித்து, "ராஜாவின் செல்லம் இதுதான், யாரிடமும் மூச்சு விடாதீர்கள்" என்று ஒவ்வொரு கூட்டத்தின் காதிலும் ஒவ்வொரு பாத்தியை ஓதிவைத்தார். அப்புறம் மூன்று பாத்திக்கும் சமமான குடை, சமமான பால், சமமான பாட்டு!

வல்லபராயர் மட்டும் மூக்கை நம்பினார். பன்னீர் மணத்த பாத்திதான் தம்முடையது என்று முடிவுகட்டினார். காய்க்கும் காலம் வந்தும் அதில் நெல்லிக்காய் அளவுதான். எல்லாரும் மத்தியானச் சாப்பாடு முடித்துக் குறட்டை விட்ட நேரத்தில், சந்தையில் வாங்கிய பெரிய கத்தரிக்காய்களை அங்கே நூல் போட்டுக் கட்டிவிட்டார். அவசரத்தில் நிறத்தைக் கவனிக்கவில்லை. செடி ஊதாக் கத்தரி. காயோ நீளப் பச்சை.

தீர்ப்பு நாளில் ராஜா வந்து பார்த்து வாயைப் பிளந்தான். "ஊதாச் செடியில் பச்சைக் காயா!"

"சூரணத்தின் மகிமை, பிரபு! நிறத்தையே மாற்றிவிட்டது!" என்றார் வல்லபராயர், கொஞ்சமும் கூசாமல்.

"ஆஹா!" என்றது சபை. ராஜாவும் தலையாட்டினான். குழந்தைவேலருக்கு உயிரே போய்விட்டது.

"அந்தப் பாத்தியில் நான் ஒன்றுமே போடவில்லையே" என்றாள் மகாராணி.

ராஜா ஒரு காயைப் பிடித்து இழுத்தான். காயோடு நூலும் வந்தது. அடுத்ததை இழுத்தான், மறுபடி நூல். சூரணப் பாத்தியில் வழக்கம்போல நெல்லிக்காய்தான், தேனுக்கு வந்த எறும்புகள் மட்டும் கொழுத்திருந்தன. கரிப் பாத்தியில் செடிகள் காய் தாங்காமல் சாய்ந்து கிடந்தன.

"வல்லபராயரே, புகழ்ச்சியில் உமக்கு இவ்வளவு நம்பிக்கை இருக்கிறதே! இனி தினமும் விடிந்ததும் இந்த வெறும் பாத்தி முன்னால் நின்று புகழ்ந்துகொண்டிரும். அது பச்சைக் காய் காய்க்கிற அன்று சபைக்கு வரலாம்" என்றான் ராஜா. சூரண உத்தரவு ரத்தானது. குழந்தைவேலர் தோளில் தன் பட்டுச் சால்வையையே போர்த்தினான்.

போர்த்தியவன் அப்படியே நின்று யோசித்தான். "மந்திரியாரே, உமது முறை ரொம்ப நல்ல முறை. என் கவிதைகளை இவர்கள் தினமும் 'ஆஹா' என்கிறார்களே! நாளைக்கு என்னுடையதையும் கவிராயருடையதையும் கலந்து, யாருடையது என்று சொல்லாமல் ராணி வாசிக்கட்டும். எது மட்டம் என்று நீங்கள் எல்லாரும் சொல்லுங்கள்."

மறுநாள் சபைக்கு ஒருவரும் வரவில்லை. அத்தனை பேருக்கும் காய்ச்சலாம். மந்திரிக்குத்தான் கொஞ்சம் அதிகமாம்.