பாதத்துக்கு வாய்த்த மெத்தை

ஈரோட்டில் ஒரு வலது பாதம் இருந்தது. டைல்ஸ் கடை வைத்திருந்த செங்கோட்டுவேலு என்பவரின் பாதம். வயது நாற்பத்தைந்து. ஒன்பதாம் நம்பர் ஷூ போடும்.

மூன்று வருடமாக அது தினமும் காலையில் எட்டு கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. போட்டிருந்தது சாதாரண ஷூ. அடிப்பாகம் ஒரு விரல் கனம்கூட இருக்காது. அதனால் சாலை பேசுவதெல்லாம் பாதத்துக்கு நேராகவே கேட்டுவிடும். சாலையோ இனிக்க இனிக்கப் பேசுகிற ரகம் இல்லை.

"குதிகாலை இப்படியா கொண்டுவந்து போடுவே? மெல்ல வை," என்று திட்டும். "முன்னால ஜல்லி கொட்டிக் கிடக்குது. ஓரமாப் போ," என்று அதட்டும்.

"நீ ஒழுங்கா இருந்தா நான் ஏன் தடுமாறறேன்?" என்று பாதமும் திருப்பிக் கேட்கும். கேட்டுக்கொண்டே அடியைச் சுருக்கி மெல்ல வைத்துவிடும். தினமும் சண்டை. ஆனால் மூன்று வருடத்தில் ஒரு சுளுக்கு கிடையாது. மேலே இருந்த முழங்கால் இந்தச் சண்டையைக் கேட்டபடியே நிம்மதியாக மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தது.

செங்கோட்டுவேலு ஓட்டக்காரர்களின் கிளப் ஒன்றில் சேர்ந்தார். அங்கே ஒருவருக்குக் கிடைக்கும் மரியாதை அவர் ஓடும் வேகத்தைப் பொறுத்ததாக இல்லை. ஷூவின் அடிப்பாகம் எத்தனை உயரம் என்பதைப் பொறுத்திருந்தது. அவரை அங்கே சேர்த்துவிட்ட நண்பர் டேனியல் ஒருநாள் குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

"கோயமுத்தூர்ல இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம் வருது செங்கோட்டு. இந்தச் சப்பட்டையை மாட்டிக்கிட்டு வந்தீனா உன்னை எனக்குத் தெரியாதுன்னு சொல்லிருவேன்."

மறுநாளே புது ஷூ வந்தது. வெள்ளையும் ஆரஞ்சுமாக, அடியில் நான்கு விரல் கனத்துக்கு மெத்தை. மனைவி பூங்கோதை அதைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது ஷூவா தலகாணியா?"

"உள்ளே விசேஷமான ஃபோம். காத்துல நடக்கிற மாதிரியே இருக்கு தெரியுமா?"

"காத்துல நடந்தா கீழ விழமாட்டீங்களாக்கும்?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

பாதம் உள்ளே நுழைந்ததும் மெத்தை ஷூ நெகிழ்ந்துபோனது. "வாங்கய்யா, வாங்க. இப்படி ஒரு பாதத்துக்காகத்தான் இத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருந்தேன்!" கடையில் தன்னைப் போட்டுப் பார்த்த முப்பது பாதங்களிடமும் அது இதையேதான் சொல்லியிருந்தது.

முதல் நாள் ஓட்டம் ரொம்ப அமைதியாக இருந்தது. ஒரு கிலோமீட்டர் போன பிறகு பாதத்துக்குச் சந்தேகம் வந்தது.

"சாலை எங்கே? சத்தத்தையே காணோமே."

"அங்கேதான் கிடக்குது. பேச்சு கொஞ்சம்கூட நாகரிகமா இல்லை, அதான் நான் உள்ளே விடலை. முக்கியமா ஏதாவது சொன்னா நானே உங்க காதுல போடறேன், ஐயா."

இத்தனை வருடம் ஒரு கரடுமுரடான பிறவியோடு மல்லுக்கட்டியது தன் தகுதிக்குக் குறைச்சல் என்று பாதத்துக்கு அன்றைக்குத்தான் தோன்றியது.

"கீழே தொப்பு தொப்புன்னு ஏதோ கேட்குதே?"

"சாலை கைதட்டுதுங்கய்யா. இப்படி ஒரு ஓட்டத்தை அது பார்த்ததே இல்லையாம்."

கேட்டது பாதத்தின் சொந்த மிதிச் சத்தம்தான். கைதட்டல் இன்னும் பலமாகக் கேட்கட்டும் என்று பாதம் இன்னும் ஓங்கி மிதித்தது. அடியைச் சுருக்குவது, மெல்ல வைப்பது எல்லாம் சின்ன ஆட்களின் வேலை என்று விட்டுவிட்டது.

மிதித்த மிதி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அது முழங்காலுக்குப் போனது. இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த முழங்கால் கடைசியில் வாயைத் திறந்தது.

"ஏப்பா, கொஞ்சம் மெல்ல வையேன். ஒவ்வொரு அடிக்கும் இடி நேரா என் தலையில இறங்குது."

"இடியா? எங்கே இடி?" என்றது பாதம்.

"நீ சாலைகிட்டப் பேசி எத்தனை நாளாச்சு? அதைக் கேட்டுப் பாரு, சொல்லும்."

மெத்தை ஷூ குரலைத் தாழ்த்திக்கொண்டது. "இதுக்குத்தான் நான் எதையும் மேலே சொல்றதில்லைங்கய்யா. அடுத்தவங்க சொகுசா இருந்தா சிலருக்கு வயிறு எரியும். தவிர, முழங்காலுக்கு வயசாயிருச்சு."

"ஆமா," என்றது பாதம். "வயசானா வாயை மூடிக்கிட்டு மடங்கணும்." தானும் முழங்காலும் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்பது அதன் நினைவுக்கு வரவில்லை.

அன்று மாலை செங்கோட்டுவேலு நாற்காலியில் உட்கார்ந்து முட்டியில் தைலம் தேய்த்தார். பூங்கோதை பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"வீங்கியிருக்குதுங்க. பழைய ஷூவையே போட்டுட்டுப் போனா என்ன?"

"ஷூ மேல ஒரு தப்பும் இல்லை. முட்டிதான் இன்னும் பழகலை."

அடுத்த நாள் கறுப்பு நிறத்தில் ஓர் இறுக்கமான உறை வாங்கி வந்து முட்டியில் மாட்டிக்கொண்டார். முழங்கால் அதற்கப்புறமும் கத்தியது. உறைக்கு வெளியே கேட்கவில்லை.

ஓட்டத்தன்று விடிகாலையில் கோயமுத்தூரில் இரண்டாயிரம் பேர் கூடியிருந்தார்கள். முதலாளிகள் கை காலை உதறிக்கொண்டு நின்றபோது கீழே ஷூக்களும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டன.

"என்னோட பாதம் நான் சொல்றதை மட்டும்தான் கேட்கும்," என்றது டேனியலின் நீல ஷூ.

"அவ்வளவுதானா? என்னோடது கேட்கறதையே விட்டுருச்சு," என்றது வெள்ளை ஷூ.

பன்னிரண்டு கிலோமீட்டர் வரைக்கும் எல்லாம் பிரமாதமாகப் போனது. செங்கோட்டுவேலுவும் டேனியலும் தோளோடு தோளாக ஓடினார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று கடிகாரம் சொன்னது. பதினாறாவது கிலோமீட்டரில் எதிரே வந்த தண்ணீர் லாரிக்கு வழிவிட இருவரும் சாலையின் ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். அங்கே தார் முடிந்து, ஓரம் உடைந்து, மண்ணுக்குள் சரிந்து கிடந்தது.

சாலைக்குப் பாதத்தின் மேல் கோபம் இருந்தது. பல வாரமாகப் பேச்சே இல்லை. ஆனாலும் அது தன்னால் முடிந்த மட்டும் கத்தியது. "சரியுது! உள்ளே வா! உள்ளே வந்துரு!"

மெத்தை ஷூவுக்கு அது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"என்ன சொல்லுது?" என்றது பாதம்.

"நீங்க நல்லா இருக்கணும்னு வாழ்த்துதுங்கய்யா."

உடைந்த ஓரத்தில் பாதம் ஓங்கி மிதித்தது. நான்கு விரல் உயர மெத்தை ஒரு பக்கமாக நசுங்கிச் சாய்ந்தது. அந்த உயரத்திலிருந்து பாதம் புரண்டது. அத்தனை பாரமும் முறுக்கிக்கொண்டு முழங்காலில் இறங்கியது. உள்ளே ஏதோ 'டப்' என்றது. செங்கோட்டுவேலு மண்ணில் கிடந்தார்.

டேனியல் நின்றார். நண்பரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்னடா ஆச்சு?"

"முட்டி... முட்டி போச்சுடா."

"ஐயோ. அசையாம இரு. ஆம்புலன்ஸ் வந்துரும். நான் முடிச்சுட்டு வந்துடறேன்." சொல்லும்போதே அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

கீழே பாதம் குழப்பத்தோடு கேட்டது. "ஏன் நின்னுட்டோம்? யார் விழுந்தது?"

"முழங்கால் காலை வாரிருச்சுங்கய்யா," என்றது மெத்தை ஷூ. அதன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

தசைநார் கிழிந்திருப்பதாக டாக்டர் சொன்னார். ஆறு வாரம் படுக்கை. அதன் பிறகு பூங்கோதை அவரைப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போனாள். சிகிச்சை கொடுத்த பெண் முதல் நாளே ஷூவைக் கழற்றச் சொன்னாள்.

"வெறுங்காலோட தரையில நில்லுங்க சார்."

பாதம் தரையைத் தொட்டதுதான் தாமதம். "ஐயோ! குத்துது, சுடுது, அவமானப்படுத்துது!" என்று விரல்களைச் சுருட்டிக்கொண்டது.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே," என்றது தரை. அது செங்கோட்டுவேலுவின் கடையில் விற்கிற அதே வழவழப்பான டைல்ஸ்.

அந்தப் பெண் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "ரொம்ப ஓங்கி மிதிச்சு ஓடியிருக்கீங்க சார். உங்க பாதத்துக்குத் தரையோட தொடர்பே விட்டுப்போச்சு. தினமும் அரை மணி நேரம் வெறுங்காலோட நடங்க. ஓடறதுக்கு மெல்லிசா ஒரு ஷூ போதும்."

ஆட்டோவில் திரும்பும்போது செங்கோட்டுவேலு சொன்னார்: "அந்தப் பொண்ணுக்கு அனுபவம் பத்தாது."

"அதுக்கு அனுபவம் பத்தாதுன்னா வேற டாக்டரைப் பாக்கலாமுங்க. அந்த ஷூவை மட்டும் யாருக்காவது குடுத்துருங்க."

"நீ ஒருத்தி! அந்த ஷூ இருந்ததாலதான் முட்டியோட போச்சு. இல்லேன்னா இடுப்பே போயிருக்கும்."

பூங்கோதை வெளியே கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்றைக்கே வீட்டுக்குள் போட்டுக்கொள்ள மெத்தை வைத்த செருப்பு ஒரு ஜோடிக்கு அவர் ஆர்டர் போட்டார். முழங்கால் பாதத்தைக் கேட்டது: "இப்பவாவது புரியுதா?"

"புரியுது. உன்னாலதான் பந்தயம் போச்சு," என்றது பாதம்.

அதற்குப் பிறகு முழங்கால் பாதத்திடம் எதையும் சொல்வதில்லை. செய்ய வேண்டியதை மட்டும் செய்தது. மழை வருவதற்கு முந்தின நாள் வலித்தது, மாடிப்படியில் இறங்கும்போது வலித்தது.

ஒரு வாரம் கழித்து ஷூ கம்பெனியிடமிருந்து செங்கோட்டுவேலுவின் போனுக்குச் செய்தி வந்தது. 'எங்கள் ஷூவோடு உங்கள் அனுபவம் எப்படி இருந்தது? மற்ற ஓட்டக்காரர்களுக்கும் சொல்லுங்கள்.' அவர் காலை இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, யோசித்து யோசித்துப் பதில் அடித்தார்.

'ஐந்து நட்சத்திரம். அருமையான தயாரிப்பு. விழுகிற வரைக்கும் காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை.'