வாசலில் வைத்த ஒரு தட்டு நாற்று

பனிமலைக் காட்டில் மாசி பிறந்தும் பனி உருகவில்லை. அங்கே வெள்ளச்சி என்ற முயல் தன் குகைக்குள் முட்டைக்கோஸ் நாற்று வளர்த்துவந்தாள். மரப்பட்டைத் தட்டுகளில் மண் நிரப்பி, கையிலிருந்த விதை மொத்தத்தையும் போட்டுவிட்டாள். பனி உருகியதும் நாற்றைத் தோட்டத்தில் நட்டால்தான் அவளுக்கும் அவள் குட்டிகளுக்கும் அந்த வருஷம் சாப்பாடு. இல்லையென்றால் பட்டினிதான்.

அதனால் அவளுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். காற்றில் சருகு அசைந்தால்கூட, "யாரது?" என்று காதைத் தூக்குவாள்.

ஒருநாள், பக்கத்துப் பாறையில் குடியிருக்கும் ஆடு கொம்பையா குகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, நாத்து வெளிறிப்போய் நெட்டையா நிக்குதே. தினமும் மத்தியானம் கொஞ்ச நேரம் வெளிய வை. வெயிலும் காத்தும் படட்டும். சாயங்காலம் உள்ள எடுத்துடு. இப்பவே குளிர் பழகலேன்னா, நட்டதும் செத்துடும்."

வெள்ளச்சிக்குச் சுருக்கென்றது. சொல்வது யார்? ஆடு! பச்சையைக் கண்டால் வேலி தாண்டிப் போய் மேய்கிற பிராணி. அது வந்து நாற்றை வெளியே வை என்கிறது!

"சரிங்கண்ணே, பார்க்கலாம்" என்று பல்லைக் காட்டி அனுப்பிவைத்தாள். அவர் தலை மறைந்ததும் குகை வாசலில் பெரிய கல்லை உருட்டி அடைத்தாள். வேவு பார்க்க மட்டும் ஒரு சிறு சந்து விட்டாள். உள்ளே இருட்டில் நாற்று இன்னும் கிடுகிடுவென்று உயர்ந்தது.

"என்னமா வளருது! இதைப் போய் வெளிய வைக்கணுமாம்ல" என்று பூரித்துப்போனாள்.

அதோடு விட்டாளா? ஆட்டைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமே. கல்லைச் சற்றே நகர்த்தி, இருப்பதிலேயே குட்டையான ஒரு தட்டு நாற்றைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு மறுபடி அடைத்தாள். கல்லுக்குப் பின்னால் உட்கார்ந்து, சந்து வழியாகக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

கொம்பையா வந்தார். நாற்றை முகர்ந்தார். "இதோ, வாயை வைக்கப்போறான்" என்று வெள்ளச்சி பல்லைக் கடித்தாள். அவரோ தட்டை வெயில் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார். சாயங்காலம் திரும்ப வந்து, அதைப் பாறை இடுக்கில் தள்ளி, காய்ந்த புல்லால் மூடினார்.

"ஓகோ, ஒளிச்சு வைக்கிறானா!"

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. ஓர் இலைகூடக் குறையவில்லை. "கொழுக்க வெச்சு மொத்தமா முழுங்கப் பார்க்கிறான். பெரிய கைகாரன்" என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

பங்குனியில் பனி உருகியது. வெள்ளச்சி கல்லைத் தள்ளி, குகை நாற்று முழுவதையும் தோட்டத்தில் நட்டாள். ஆடு தின்பதற்குள் என்று வெளித்தட்டையும் பிடுங்கி வந்து ஓர் ஓரமாக நட்டாள்.

முதல் நாள் காற்றிலேயே குகை நாற்றுகள் மடிந்து விழுந்தன. மூன்றாம் நாள் அத்தனையும் கருகிக் கிடந்தன. ஓரத்தில் நட்டது மட்டும் குட்டையாக, தண்டு பருத்து, நிமிர்ந்து நின்றது. வெள்ளச்சி மண்ணில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து கொம்பையாவிடம் போனாள்.

"அண்ணே, உங்களைப் பிடிக்கத்தான் அந்தத் தட்டை வெளிய வெச்சேன்."

"தெரியும். சந்துல உன் மூக்கு தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுமா தினம் வந்தீங்க?"

"சந்தேகம் உனக்குத்தானே தங்கச்சி, நாத்து என்ன பண்ணுச்சு? அப்படியே விட்டிருந்தா ஒரே ராத்திரியில விறைச்சுப் போயிருக்கும்."

வெள்ளச்சிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வருஷம் முழுக்க அவள் குட்டிகள் அந்த ஒரு தட்டுக் கோஸைத்தான் பங்குபோட்டு அரைவயிறு சாப்பிட்டன.

சொல்கிறவர் யார் என்று மட்டும் பார்த்து, சொன்னது சரியா என்று பார்க்காமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.