நாலாவது குற்றம்

குற்றாலிங்கம் துணியில் சுற்றிக் கொண்டுவந்த டியூனரை மேசைமேல் வைத்தார். சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து அதன்மேல் வைத்தார்.

“கையெழுத்துப் போடணும், டீச்சர். முதல் கையெழுத்து உங்களோடதா இருக்கணும்.”

பெனடிக்டா சால்டரிங் அயர்னை அதன் தாங்கியில் செருகினார். தாளைத் தொடவில்லை.

“மாடியேறி வந்திருக்கீங்க. முதல்ல உக்காருங்க சார்.”

“உக்கார்ற மனநிலையில நான் இல்ல.”

அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வயது அறுபத்தாறு. பெனடிக்டாவுக்கு நாற்பத்துமூன்று. குற்றாலிங்கம் இரண்டு வருடமாகத் தூத்துக்குடியின் இந்த மாடியறைக்கு வந்து பழைய டியூனர்களைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்கிறார். தன்னைவிட இத்தனை இளையவரை டீச்சர் என்று அழைப்பதில் அவருக்குக் கூச்சம் இல்லை. கற்றுக்கொடுப்பவரை அப்படித்தான் அழைக்க வேண்டும் என்று தன் பள்ளியில் முப்பத்துநான்கு வருடம் சொல்லி வந்தவர்.

அறையின் மூன்று சுவர்களிலும் வால்வு டியூனர்கள் இருந்தன. மொத்தம் இருபத்தேழு. டியூனர் முழு ரேடியோ அல்ல. நிலையத்தைப் பிடித்துத் தரும், அவ்வளவுதான். குரல் வெளியே வர ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் தனியாக வேண்டும். குற்றாலிங்கம் தன் முதல் டியூனரை வீட்டுக்குக் கொண்டுபோனபோது, “வாயே இல்லாத சாமானை எதுக்கு வாங்கிட்டு வந்தீங்க?” என்று அவர் மனைவி கேட்டார். அதைக் குற்றாலிங்கம் இங்கே வந்து சொன்னார்.

“அதுக்காகத்தான சார் வாங்குதோம்” என்றார் பெனடிக்டா.

அன்று குற்றாலிங்கம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இன்று சிரிக்கும் முகம் இல்லை.

“ரொட்ரீகோ என்னை ஏமாத்திட்டாரு.”

ரொட்ரீகோ கப்பலில் வயர்லெஸ் அதிகாரியாக இருந்தவர். எழுபத்தெட்டு வயது. மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டியூனர் சேர்ப்பவர்கள் பதினொரு பேர் இந்த அறையில் கூடுவார்கள். ரொட்ரீகோ அதற்கென்று இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வருவார். எல்லோருக்கும் முன்னால் வருவார், எல்லோருக்கும் பின்னால் போவார். கண் மங்கிவிட்டது, டயலில் ஊர்ப்பெயர் தெரியவில்லை என்று சொல்லிப் போன வாரம்தான் தன் கடைசி டியூனரைக் குற்றாலிங்கத்துக்குக் கொடுத்தார்.

அது எல்லோரும் கேட்டும் ரொட்ரீகோ தர மறுத்துவந்த டியூனர். கண்ணாடி டயலில் கொழும்பு, ரங்கூன், ஏடன் என்று ஊர்கள் வரிசையாக இருக்கும். பின்னாலிருந்து விளக்கு எரிந்தால் எழுத்துகள் தேன் நிறத்தில் எழும். குற்றாலிங்கம் அதை ஒன்றரை வருடம் கேட்டார். எண்ணை அழுத்தினால் வந்து நிற்கும் நிலையம் அவருக்கு வேண்டாம். முள்ளைக் கொண்டுபோய், கொஞ்சம் தாண்டி, திரும்பி வந்து, ஒரு மயிரிழையில் குரல் சட்டென்று தெளியுமே, அதுதான் வேண்டும். அதற்காக அவர் தூக்கத்தைக்கூட விட்டிருக்கிறார்.

“வாசிக்கிறேன், கேளுங்க. மொத்தம் ஒன்பது.”

“வாசிங்க.”

குற்றாலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வகுப்பில் நிற்பதுபோல் நின்றார்.

“ஒன்று. நாற்பது வருடமாக யாரும் கைவைக்காதது என்று உறுதி சொல்லி, எந்த நிலையமும் எடுக்காத டியூனரைக் கொடுத்தது.”

“ஒண்ணுகூடவா எடுக்கல?”

“ஒரே இரைச்சல். உள்ளூர் நிலையம் மட்டும் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி. நீங்க சொன்ன மாதிரியே, ஒரேயடியா கரண்ட் ஏறிடாம சீரிஸ் பல்பு போட்டுத்தான் கொடுத்தேன். டயல் கண்ணாடியைப் பின்பக்கம் தொடவே இல்ல. என்மேல ஒரு தப்பும் கிடையாது.”

“சரி. ரெண்டு.”

“இரண்டு. இயக்கிக் காட்டாமல் கொடுத்தது. அதற்கென்றே மாதாந்திர மின்தடை நாளைத் தேர்ந்தெடுத்தது.”

“நாள் சொன்னது யாரு சார்?”

“நான்தான். அவர் மாத்தியிருக்கலாமே.”

பெனடிக்டா தலையசைத்து மேலே வாசிக்கச் சொன்னார்.

“மூன்று. தேநீரும் மக்ரூனும் கொடுத்து, வாங்குபவர் மனதில் சந்தேகம் எழாதபடி பார்த்துக்கொண்டது.”

“தின்னீங்களா?”

“ரெண்டு. அது இப்ப முக்கியமில்ல. நான்கு. பொறுப்பற்ற பராமரிப்பு. உள்ளே அலுமினிய டப்பாக்களின் தலையில் ஐந்து திருகுகள் முடுக்கப்படாமல் பாதியில் நின்றன. அவற்றை நானே முடுக்க வேண்டியதாயிற்று.”

பெனடிக்டா துணியை விலக்கி, டியூனரின் மேல்மூடியைத் தூக்கினார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“ஐந்து. ஒவ்வொரு திருகின் தலையிலும் சிவப்பாக அழுக்கு அப்பியிருந்தது. சுரண்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.”

பெனடிக்டா உள்ளேயிருந்து எதையோ விரல்நுனியில் ஒற்றி எடுத்தார். கடுகளவு சிவப்புத் துணுக்கு. அதைப் பார்த்தபடியே இருந்தார். குற்றாலிங்கம் ஆறு, ஏழு, எட்டு என்று போய்க்கொண்டிருந்தார். ஆறாவது, வயதைக் காட்டி அனுதாபம் தேடியது. ஏழாவது, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் கடலைப் பார்த்தது. குரல் ஏறிக்கொண்டே போயிற்று.

“ஒன்பது. ஆகவே மேற்படியாரை நம் குழுவிலிருந்து நீக்க வேண்டும். இனி எவரும் அவரிடம் எதுவும் வாங்கவோ கொடுக்கவோ கூடாது.” தாளைத் தாழ்த்தினார். “இதுல ஒரு வார்த்தை மிகையா இருக்கா, சொல்லுங்க.”

“இதை வேற யாருக்கும் வாசிச்சீங்களா?”

“ஏழு பேருக்கு. போன்ல. எல்லாரும் கொதிச்சுப் போயிட்டாங்க.”

“ரொட்ரீகோ சாருக்கு?”

“அவருக்கு எதுக்கு?”

“நேத்து அவரு எனக்குப் போன் பண்ணுனாரு. இனிமே ஞாயித்துக்கிழமை வரலைன்னுட்டாரு.”

“பாத்தீங்களா.” குற்றாலிங்கத்தின் முகம் சிவந்தது. “முப்பத்துநாலு வருஷம் பிள்ளைகளை மேய்ச்சவன் நான். தப்புப் பண்ணினவன் அடுத்த நாள் வகுப்புக்கு வரமாட்டான். வயித்துவலிம்பான். இவர் என்ன காரணம் சொன்னாரு?”

“காரணம் சொல்லல. எல்லாருக்கும் வாழ்த்து சொல்லச் சொன்னாரு. உங்களுக்கும்.”

“எனக்குமா? எவ்வளவு தைரியம் பாருங்க. நான் ஒண்ணு கேக்கேன். இப்படிப்பட்ட ஆளுங்களும் டியூனர் சேக்கிறதுன்னா, இதைச் சேத்து நமக்கு என்ன ஆகப் போகுது? நீங்க எதுக்கு இருபத்தேழு வெச்சிருக்கீங்க? சும்மா கேக்கல. உண்மையாவே கேக்கேன்.”

பெனடிக்டா எழுந்தார். ஜன்னலோரத் தட்டிலிருந்து ஒரு டியூனரை இரண்டு கைகளாலும் எடுத்து வந்தார். அவரிடம் இருப்பதில் அதுதான் நன்றாகக் கேட்பது. ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் அதற்கு நேரே இடம் பிடிக்கப் பார்ப்பார்கள். ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். அதன் மூடியையும் கழற்றி வைத்தார்.

வால்வுகள் சூடேற அரை நிமிடம் ஆயிற்று. முகப்பில் பச்சைக் கண் ஒன்று மெல்ல ஒளிர்ந்தது. நிலையம் சரியாக விழுந்தால் அந்தக் கண்ணின் நடுவிலுள்ள நிழல் ஒடுங்கும். பெனடிக்டா முள்ளைத் திருப்பினார். நிழல் கீற்றாக ஒடுங்கியது. கடலுக்கு அந்தப் பக்கத்து நிலையத்திலிருந்து ஒருவர் மரண அறிவித்தல் வாசித்துக்கொண்டிருந்தார். அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது.

“என்ன தெளிவு” என்றார் குற்றாலிங்கம். கோபத்துக்கு நடுவிலும் அவரால் அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பெனடிக்டா ஒரு பிளாஸ்டிக் திருப்புளியை அவரிடம் நீட்டினார்.

“இதுலயும் டப்பா இருக்கு. தலையில திருகு இருக்கு. பாருங்க.”

குற்றாலிங்கம் குனிந்து பார்த்தார்.

“இதுவும் பாதியில நிக்கே. நீங்ககூடவா டீச்சர் இப்படி விட்டு வெச்சிருக்கீங்க?”

“முடுக்குங்க.”

அவர் முடுக்கினார். கால் சுற்று. வாசிப்பவரின் குரல் சற்று மங்கியது. அவர் கவனிக்கவில்லை.

“இன்னும் போகும். முடுக்குங்க சார்.”

மொத்தம் அரைச் சுற்று ஆயிற்று. பச்சைக் கண்ணின் நிழல் விரிந்தது. “புங்குடுதீவைப் பிறப்பிடமாகவும், கொழும்பை வதிவிடமாகவும் கொண்ட” என்றது குரல். அதற்குமேல் இரைச்சல். குற்றாலிங்கத்தின் கை இன்னும் ஒரு கால் சுற்று திருகிவிட்டே நின்றது. இறந்தவரின் பெயர் வந்திருக்க வேண்டும். கேட்கவில்லை.

அவர் கையை இழுத்துக்கொண்டார்.

“என்ன ஆச்சு?”

“லூசா இருந்துச்சு. முடுக்கிட்டீங்க.”

ஸ்பீக்கர் இரைந்துகொண்டிருந்தது. குற்றாலிங்கம் தான் கொண்டுவந்த டியூனரைப் பார்த்தார். அதன் ஐந்து திருகுகளும் அடிவரை இறங்கி, தலை பளபளவென்று இருந்தன. பெனடிக்டா விரல்நுனியைக் காட்டினார். சிவப்புத் துணுக்கு அதில் ஒட்டியிருந்தது.

“இது அழுக்கு இல்ல சார். அரக்கு. திருகு எங்க நிக்கணுமோ அங்க நிறுத்தி, இனி அசையக்கூடாதுன்னு வெச்ச சீலு.”

குற்றாலிங்கம் திருப்புளியை மேசைமேல் போட்டார்.

“நாலாவதை வாசிக்கும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிட்டு.”

“தெரிஞ்சிட்டு.”

“அப்புறமும் அஞ்சு, ஆறு, ஏழுன்னு என்னை வாசிக்க விட்டீங்க.”

“நீங்க நிறுத்தவே இல்லையே.”

“இதை எனக்கு நீங்க சொல்லிக் கொடுத்திருக்கணும்.” அவர் குரல் மறுபடி உயர்ந்தது. “ரெண்டு வருஷம். சீரிஸ் பல்பு சொன்னீங்க. கண்ணாடி சொன்னீங்க. இதைச் சொல்லல. தெரியாதவன் தொட்டா அது யார் தப்பு? சொல்லாதவங்க தப்பு இல்லையா?”

“கண்ணாடியைப் பின்பக்கம் துடைக்காதீங்கன்னு சொன்னப்ப, ஏன்னு கேட்டீங்க. எழுத்து அந்தப் பக்கம்தான் இருக்கு, துடைச்சா ஊரெல்லாம் அழிஞ்சிரும்னு சொன்னேன்.” பெனடிக்டாவின் குரல் உயரவில்லை. ஆனால் அதில் இப்போது ஒரு கடுமை இருந்தது. “அஞ்சு திருகு, அஞ்சும் பாதியில நிக்கி. அஞ்சுலயும் ஒரே நிறத்துல பூசியிருக்கு. இது ஏன்னு என்கிட்டயும் நீங்க கேக்கல. அவருகிட்டயும் கேக்கல. கேக்காம ஏழு பேருக்குப் போன் போட்டீங்க.”

குற்றாலிங்கம் நாற்காலியை இழுத்து, வந்ததிலிருந்து முதல்முறையாக உட்கார்ந்தார்.

பெனடிக்டா திருப்புளியை எடுத்தார். தன் டியூனரின் திருகைப் பின்னோக்கித் திருப்பினார். கால், அரை, முக்கால். நிறுத்தினார். முன்னும் பின்னும் போய்த் தேடவில்லை. பச்சைக் கண் ஒடுங்கியது. குரல் திரும்பி வந்தது. அதற்குள் அது அடுத்தவரின் பெயருக்குப் போயிருந்தது.

“முதல்ல வாசிச்சது யாரு பேரு?” என்றார் குற்றாலிங்கம்.

“தெரியாது. அது போயிட்டு.”

கொஞ்ச நேரம் இருவரும் அறிவித்தலைக் கேட்டார்கள். யாரோ ஒருவரின் தகனம் நாளை பிற்பகல் மூன்று மணிக்கு.

“என்னோடதையும் இதே மாதிரி திருப்பிக் கொடுங்க, டீச்சர்.”

“இதுல நீங்க முடுக்கினது முக்கால் சுத்து. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். உங்களோடதுல எத்தனை?”

“முடுக்க முடிஞ்ச வரைக்கும்.”

“எங்கேருந்து?”

குற்றாலிங்கம் அறையைச் சுற்றிப் பார்த்தார்.

“உங்ககிட்ட அலைவரிசையைச் சரிபாக்குற சிக்னல் ஜெனரேட்டர் இருக்கே” என்றார் பிறகு.

“அதை வெச்சு எப்படியும் கேக்க வைக்கலாம். இருந்த மாதிரி கேக்காது. அது எங்க நின்னுச்சுன்னு நிறுத்துனவங்களுக்குத்தான் தெரியும். காதுல வெச்சிருப்பாங்க.”

“யார் நிறுத்தினது?”

“ரொட்ரீகோ சார்தான். கப்பல்லயே, ஒரு மாசமா உக்காந்து. அந்த அரக்கும் அவரு வெச்சதுதான்.”

குற்றாலிங்கம் தாளை எடுத்தார். மடித்தார். மறுபடி பிரித்து, நாலாவது வரியில் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப வர்ற ஞாயித்துக்கிழமை அவர் வந்ததும் நானே கேட்டு...”

“அவருதான் வரலைன்னுட்டாரே சார்” என்றார் பெனடிக்டா.