நிர்மால்யம் என்றொரு ஃபோல்டர்

"அம்மா, இனி எள்ளு போட இடமில்லை" என்றார் குற்றாலலிங்கம்.

உலகம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எங்க அண்ணாச்சி?"

"கம்ப்யூட்டர்ல."

"அதுக்கா மொகம் இப்பிடித் தொங்கிப் போயிருக்கு?"

"தொங்காம என்ன செய்யும்? நீங்க நாளைக்கு விடியக்காலம் காசிக்கு நடக்க ஆரம்பிச்சிருவிய. இன்னைக்குச் சாயங்காலம் எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுதேன்னு சொல்லியிருக்கிய. அதை நான் எதுல புடிச்சு வைக்கது?"

"காதுல புடிச்சு வைங்களேன்."

"அது ஓட்டை விழுந்து நாளாச்சும்மா."

அண்ணாச்சி வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

அவர் டெலிபோன் இலாகாவில் கம்பம் கம்பமாக ஏறி இறங்கி ஓய்வுபெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, மலையடிவாரத்தில் இருக்கும் இந்தச் சின்ன ஆசிரமத்துக்கு வந்துவிட்டார். குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். அது இருவருக்கும் உறுத்தவில்லை. அம்மா அவரை அண்ணாச்சி என்பார். அவர் அம்மாவை அம்மா என்பார்.

கொஞ்ச நாளாக அவருக்கு மறதி. பென் டிரைவ் வாங்கத் தென்காசிக்குப் போனவர் ஒரு கவுளி வெற்றிலையோடு திரும்பி வந்தார். அதுகூடப் பரவாயில்லை, அவர் வெற்றிலை போடுகிறவரே இல்லை. திரும்பும்போது எந்த ஊர் பஸ்ஸில் ஏற வேண்டும் என்பது நினைவுக்கு வராமல் பஸ் நிலையத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறார். டாக்டர், "எல்லாம் வயசுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து அவருக்குப் பயம். வருஷக்கணக்காகக் காத்திருந்து கிடைக்கப் போகிற வார்த்தை ராத்திரிச் சோற்றோடு சேர்ந்து செரித்துப் போய்விட்டால்? அம்மா எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கே தெரியாது.

அதனால்தான் பதிவு. ஆசிரமத்துக்குள் செல்போன் கூடாது என்பது சட்டம். இருந்தது அந்த ஒரு கம்ப்யூட்டர்தான். கல்லூரி வாத்தியார் ஒருவர் புதிது வாங்கியபோது, பழையதைப் புண்ணியத்துக்குக் கொடுத்தது. அரதப் பழசான விண்டோஸ். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்க் குளித்து, திருநீறு பூசி, இட்லி தின்று கைகழுவி வந்தால் அப்போதுதான் கண் திறக்கும்.

அம்மா கீரையை முறத்தோடு தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, பாப்போம்."

*

திரையில் C டிரைவ் சிவப்பாகக் கிடந்தது.

"என்னவெல்லாம் செஞ்சு பாத்திய?" என்று கேட்டார் அம்மா. துறவுக்கு முன்னால் அரிசி ஆலை ஒன்றில் கம்ப்யூட்டர் பார்த்தவர். அந்தப் பழக்கம் விட்டுப் போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டிஸ்க் கிளீனப் போட்டேன். டெம்ப் ஃபைலையெல்லாம் வழிச்சு எடுத்தேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி. கொஞ்சம் எடம் வந்துது, மறுநாளே அப்டேட்டுன்னு சொல்லி விண்டோஸே அதை முழுங்கிட்டு."

"பொறவு?"

"பொறவு மனசைக் கல்லாக்கிக்கிட்டு, நான் தெனம் புடிச்சு வச்ச உங்க பதிவுலயே கைய வச்சேன். மேடையில பேசினதைத் தனியா வச்சுட்டு மத்ததையெல்லாம் ஒதுக்கினேன். மூட்டை மூட்டையா ஒதுக்கினேம்மா. அப்பவும் செவப்பு மாறலை."

"ஒதுக்கி எங்க போட்டிய?"

அண்ணாச்சி திரையின் மூலையில் இருந்த குப்பைத்தொட்டிப் படத்தை ஒரு தடவை பார்த்தார்.

"அதுல போடலை" என்றார். "கை வரலை. குருவோட குரலைக் குப்பைத்தொட்டியில போட்டா நான் உருப்படுவேனா? அதான் தனியா ஒண்ணு உண்டாக்கினேன்."

திறந்து காட்டினார். ஃபோல்டரின் பெயர் 'நிர்மால்யம்'.

சாமிக்குச் சார்த்தி மறுநாள் களைகிற மாலைக்கு அந்தப் பெயர். வாடிய பூதான், ஆனாலும் கால்படாத இடத்தில்தான் சேர்க்க வேண்டும். ஆசிரமத்துச் சிவலிங்கத்துக்குக் காலையில் அந்த வேலையைச் செய்கிறவர் அண்ணாச்சியேதான். கூடையில் எடுத்துக்கொண்டு போய் ஆற்றில் விட்டுவிட்டு வருவார்.

அம்மா ஃபோல்டரையும் பார்த்தார், அண்ணாச்சியையும் பார்த்தார். சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"அண்ணாச்சி, இது எந்த டிரைவ்ல இருக்கு?"

"C-லதான். இருக்கதே அது ஒண்ணுதானே."

"வீட்டுல எடம் பத்தலைன்னு கட்டிலைக் கெழக்கு மூலையிலேருந்து மேக்கு மூலைக்கு மாத்தினா எடம் வந்துருமா?"

அண்ணாச்சிக்கு அப்போதுதான் விளங்கியது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ரெண்டு நாளா ராப்பகலா மாத்தினேம்மா" என்றார் பரிதாபமாக.

*

"இதுக்குள்ள அப்பிடி என்னதான் வச்சிருக்கிய? ஒண்ணைப் போடுங்க, கேப்போம்."

அண்ணாச்சி ஒன்றைத் தட்டினார்.

ஸ்பீக்கரில் அம்மாவின் குரல், முருங்கைக்காய்க்காரரிடம் பேரம் பேசியது. பேரம் படியவில்லை. கடைசியில் அம்மாவே தோற்று, கூடவே காய்க்காரர் மகள் கல்யாணத்துக்கு ஆசிர்வாதமும் செய்து அனுப்பினார்.

இன்னொன்றைத் தட்டினார். மோரை யார் குடித்துத் தீர்த்தது என்ற விசாரணை. இன்னொன்றில் தும்மல்.

"தும்மலை எதுக்குய்யா புடிச்சு வச்சிருக்கிய?"

"அதைச் சாதாரணமா நெனைக்காதிய. தும்மி முடிச்சதும் ஒரு அமைதி வருது, அதுல என்னமோ இருக்குன்னு சமையக்கட்டுப் பிச்சம்மாள் சொன்னாவ."

"பிச்சம்மாளுக்குக் காது மந்தம்லா?"

"அதான் அவங்களுக்கு அமைதி நல்லாக் கேக்குது."

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அண்ணாச்சிக்கும் தொற்றிக்கொண்டது. கொஞ்ச நேரம் இருவரும் அந்தத் தும்மலையே திரும்பப் போட்டுக் கேட்டார்கள்.

பிறகு அம்மா மவுஸை நகர்த்தி, குப்பைத்தொட்டியின் மேல் வைத்து வலது பக்கம் அழுத்தினார். பெயர் மாற்றும் இடத்தில் 'ஆத்தங்கரை' என்று அடித்தார்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். குப்பைத்தொட்டியின் அடியில் ஆத்தங்கரை என்றே இருந்தது.

"அதுக்குப் பேரு மாத்த முடியுமா?"

"முடியும். இப்பக் கை வருமா?"

"வரும்னுதான் தோணுது."

"கரையில வச்சாப் போதாது, வச்ச எடத்துலயே கெடக்கும். தண்ணியில தள்ளி விடணும். அதுக்கு இந்தா, எம்ப்டின்னு இருக்கு பாருங்க."

அண்ணாச்சி தலையாட்டினார்.

வாசல்வரை போன அம்மா திரும்பினார்.

"ஒரு கட்டுப்பாடு. எதையும் காதால கேக்காமக் கரைக்குக் கொண்டு போகப்பிடாது."

"இவ்வளவையுமா? அதுக்கு இன்னொரு பிறவி எடுக்கணுமே."

"சாயங்காலத்துக்கு எடம் கெடைச்சாப் போதும்லா? புதுசுல இருந்து ஆரம்பிங்க. தெனம் மைக்கைப் போட்டு வச்சிய, ஒரு நாளாவது கேட்டியளா?"

அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் கீரைக்குப் போய்விட்டார்.

*

உண்மைதான். அண்ணாச்சி ஒரு நாளும் கேட்டதில்லை.

பதிவு செய்யவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. ஒயர் சரியாக இருக்கிறதா, ஒலியின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு மேலே போகிறதா, காற்று அடிக்கிறதா, காக்கா கத்துகிறதா என்று பார்ப்பார். இரவு தேதி போட்டுச் சேமிப்பார். பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதியில் தூங்கிவிடுவார். என்றைக்காவது உட்கார்ந்து கேட்கலாம் என்று இருந்தார். எல்லோரும் அப்படித்தான் இருக்கிறோம்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்.

முதலில் கடமைக்குத்தான் கேட்டார். பால்காரரிடம் அம்மா மாட்டின் நலம் விசாரித்தார். பால்காரரின் நலத்தை அதற்குப் பிறகுதான் விசாரித்தார். அண்ணாச்சி சிரித்துவிட்டு அதைக் கரையில் வைத்தார்.

அடுத்ததில் மழை. அம்மா குரலே இல்லை, ஓட்டின் மேல் மழை மட்டும். அதைக் கடைசிவரை கேட்டார். அந்த மழை பெய்தது அவருக்கு நினைவே இல்லை. அன்றைக்கு மைக்கில் தண்ணீர் பட்டுவிடக் கூடாது என்று குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

அதையும் கரையில் வைத்தார். கேட்டு முடித்ததை அனுப்புவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அதுவே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. அவர் காதில் விழவில்லை. பிச்சம்மாள் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து கீபோர்டு மேலேயே வைத்துவிட்டுப் போனார். திரை முழுக்க ஒரே எழுத்தாக ஓடியது. அண்ணாச்சி தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தின்றபடியே கேட்டார்.

சாப்பிட்டுக் கைகழுவி வந்து எம்ப்டியை அழுத்தினார். பச்சைப் பட்டை மெல்ல ஊர்ந்து போய் முடிந்தது. C டிரைவைத் திறந்து பார்த்தார்.

சிவப்பு போய் நீலமாக இருந்தது.

வேலையில் சேர்ந்த புதிதில், புயலில் அறுந்த கம்பியைச் சேர்த்துவிட்டு மறுமுனையில் "ஹலோ" கேட்டபோது வந்த சந்தோஷம் அவருக்கு இப்போது வந்தது. சாயங்காலத்து வார்த்தைக்கு இது தாராளம். எழுந்து போய் மைக்கைத் துடைத்து, ஒயரைச் சுற்றித் தயாராக வைத்தார்.

இன்னும் பொழுது இருந்தது. கேட்ட ருசி விடவில்லை. சும்மா ஒன்றைக் கேட்போம் என்று மறுபடி உட்கார்ந்தார்.

*

தேதி போன மாதத்தது. காற்றுச் சத்தம். தூரத்தில் ஆடு கத்தியது.

"அண்ணாச்சி, அந்த ஒயரைக் கொஞ்சம் விடுங்க. இப்பிடி வந்து உக்காருங்க" என்றது அம்மாவின் குரல்.

"இந்தா வாரேம்மா" என்றது அவருடைய குரல்.

"நான் காசிக்கு நடக்கலாம்னு இருக்கேன்."

"ம்."

"தனியாப் போறதா இல்லை. ஒங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை. வழியில பேசிக்கிட்டே போகலாம். மறந்து போச்சுன்னா மறுபடி சொல்லுதேன், ஊருபட்ட தூரம் கெடக்குல்லா. என்ன சொல்லுதிய, வாரியளா?"

அண்ணாச்சி ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். தான் என்ன பதில் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

கரகரவென்று ஏதோ உரசியது. பிறகு அவருடைய குரல், மிகுந்த மரியாதையோடு:

"அம்மா, கொஞ்சம் மைக் பக்கமாத் திரும்பிச் சொல்லுங்க. கோடு ஏற மாட்டேங்குது."

ஒரு நிமிஷம் ஆடு மட்டும் கத்தியது.

பிறகு அம்மா சிரித்தார். நல்ல சிரிப்பு, கோபமே இல்லாத சிரிப்பு. மைக் பக்கமாகத் திரும்பித்தான் சிரித்திருக்கிறார், அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"சரி, அண்ணாச்சி. கோட்டைப் பாருங்க."

அத்தோடு பதிவு முடிந்தது.

அண்ணாச்சிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் யாரோ முதுகில் தட்டியதுபோலச் சிரிப்பும் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பதிவையும் கரைக்கு அனுப்பினார். தண்ணீரிலும் தள்ளினார்.

ஹெட்ஃபோனைக் கழற்றி, கம்ப்யூட்டரை அணைத்தார். அது அணையவும் நேரம் எடுத்துக்கொள்ளும். அவர் நிற்கவில்லை.

*

உலகம்மாள் வாசலில் உட்கார்ந்து ஒரு துணிப்பையின் அறுந்த காதைத் தைத்துக்கொண்டிருந்தார். வெயில் தாழ்ந்திருந்தது.

அண்ணாச்சி எதிரே வந்து நின்றார். வெறுங்கை.

"மைக் எங்க அண்ணாச்சி?"

அண்ணாச்சி உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"வாரேம்மா" என்றார்.

அம்மா தைப்பதை நிறுத்தவில்லை. ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பையை உதறிப் பார்த்துவிட்டு அவரிடம் நீட்டினார்.

"செருப்பு புதுசா, பழசா?"

"பழசுதாம்மா."

"நல்லது. புதுசு கடிக்கும்."