காரிவளவனின் மீசை முடி

முன்னொரு காலத்தில், மேகங்கள் ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டுப் போன நாளில், முகில்நாடு என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒரு வழக்கம். மாமன்னர் இறந்தால், அவர் முடியில் ஓர் இழையைப் பொன் பதக்கத்துக்குள் வைத்து, அரக்கு ஊற்றி மூடுவார்கள். அணிந்தவர் காதில் முன்னோர் பேசுவார்.

இளம் அரசி அல்லியங்கோதை, நூறாண்டாய்ப் பேழையில் கிடந்த மாமன்னர் காரிவளவனின் பதக்கத்தை ஆசையாய் எடுத்து அணிந்தாள். உடனே அவள் கண்கள் பாதி மூடின. வாயிலிருந்து ஆண்குரல் வந்தது: “பகைவன் ஆற்றைத் தாண்டிவிட்டானா?”

அக்கரையில் பகைவர் யாருமில்லை. ஆனாலும் அதைப் போர்க் கட்டளையாய் எடுத்துக்கொண்டு படை கிளம்பிவிட்டது. வெயில் சாய்ந்ததும் ஆற்றைக் கடக்கும்.

“பதக்கத்தைக் கழற்றிவிடு அம்மா. அரசி வாயில் வந்தது கட்டளை. அதை மறுக்க எனக்கு ஒரு தலைதான் இருக்கிறது” என்றார் அமைச்சர், அரண்மனையில் பொன்வேலை செய்யும் தட்டாத்தி சிறுதேவியிடம்.

சிறுதேவி அரத்தால் பதக்கத்தின் சங்கிலியை அராவினாள். அரம் மழுங்கியது.

“பகைவன் ஆற்றைத் தாண்டிவிட்டானா?”

கத்தரியால் வெட்டினாள். கத்தரி வளைந்தது.

“பகைவன் ஆற்றைத் தாண்டிவிட்டானா?”

குறட்டால் இழுத்தாள். அரசிதான் முனகினாள்.

“பகைவன் ஆற்றைத் தாண்டிவிட்டானா?”

அப்போதுதான் சிறுதேவிக்கு உறைத்தது. இது கட்டளை இல்லையே, கேள்வி! இறந்தபின் எடுக்கவேண்டிய முடியை, உடல் திரும்புமோ என்னவோ என்று பயந்து, போருக்குப் புறப்பட்ட அன்றே வாங்கி மூடியிருக்கிறார்கள். மன்னர் இறந்தது இந்த முடிக்குத் தெரியாது. போர் முடிந்ததும் தெரியாது.

நூறாண்டு காவல் நின்றவரிடம் இனிக் காவலே வேண்டாம் என்பது இரக்கமா, கொடுமையா? அவளுக்குத் தெரியவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

“மகாராஜா, போர் முடிந்துவிட்டது.”

“யார் வென்றது?”

“யாருக்கும் நினைவில்லை.”

“பொய்! என்னை வெளியே விடு. நானே பார்க்கிறேன்.”

அரக்கை உருக்காமல் வழியில்லை. பதக்கமோ அரசியின் மார்பில். சிறுதேவி தன் இடக்கையை இரண்டுக்கும் நடுவே நுழைத்தாள். அமைச்சர் விளக்கை ஏந்த, ஊதுகுழலால் சுடரை ஊதினாள். அரக்கு கொதித்து உள்ளங்கையில் வழிந்தது. கண்ணீர் வந்தது, கை நகரவில்லை.

பதக்கம் திறந்தது. ஒற்றை மீசை முடி புகைபோல நெளிந்து சாளரத்துக்குப் போனது. கீழே ஆற்றின் இரு கரையிலும் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அடியே, உன் எருமை நீந்தி வந்து என் சேலையைத் தின்கிறது!”

“உன் சேலைக்கு என் எருமையாவது ஆசைப்பட்டதே!”

புகை குலுங்கியது. சிரிப்பா, அழுகையா? பிறகு நீரின்மேல் படிந்து கரைந்தது.

அரசி கண் திறந்தாள். சொந்தக் குரலில் முதலில் வந்தது: “அக்கா, உன் கை!” அடுத்து வந்தது: “படையைத் திருப்புங்கள்!”

அரசியே அவள் கைக்கு மருந்திட்டாள். புண் ஆறியபின் அந்த உள்ளங்கையில் வைத்த பொன் நெருப்பில்லாமலே இளகியது. சிறுதேவி அரசிக்குப் புதுப் பதக்கம் ஒன்று செய்தாள். உள்ளே எதையும் வைக்கவில்லை. அதை அணிந்து, தன் குரலிலேயே பேசி, அல்லியங்கோதை நெடுங்காலம் ஆண்டாள்.

கதை ஆற்றோடு போயிற்று, கேட்டவர்கள் கரையேறலாம்.