சூரியன் மேல் ஒரு வழக்கு

தேன்மலை நாட்டை ஆண்ட புஜங்க பூபதிக்குத் திராட்சை என்றால் உயிர். அதைவிட உயிர், புகழ்ச்சி. ‘சூரியனையே கைகட்டி நிற்க வைத்த சூரர்’ என்று எந்தப் புலவரோ பரிசுக்காகப் பாடிவிட்டுப் போக, ராஜா அதை நிஜமென்றே நம்பித் தன் பட்டங்களோடு சேர்த்துக்கொண்டார்.

சித்திரைத் திருவிழாவுக்குப் பக்கத்து நாட்டு ராஜா விருந்தாளியாக வருவதாக இருந்தது. தன் தோட்டத்துத் திராட்சையைக் கொடுத்து அவரை வாய்பிளக்க வைக்க வேண்டும் என்பது பூபதியின் ஆசை. பழம் கனியத் தொடங்கியதும் பந்தலைப் பார்க்கக் கிளம்பினார். கூடவே பிரதானி சர்வோத்தமர். ராஜா தும்மினால்கூட ‘ஆகா, என்ன ராகம்!’ என்று தலையாட்டும் ஆசாமி அவர்.

“இந்த இலைகளுக்கு எவ்வளவு திமிர் பாருங்கள், மகாராஜா! தங்களுக்கும் பழத்துக்கும் நடுவில் குறுக்கே நிற்கின்றன. பழங்களுக்குத் தங்கள் தரிசனம் கிடைக்க வேண்டாமா?”

“அடடே, ஆமாம்! பிய்த்துப் போடுங்கள்!”

தோட்டக்காரன் வேலப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிரதானி முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான். பாதிப் பந்தல் மொட்டையானது. அதற்குள் ஆட்களுக்குத் திருவிழா வேலை வந்துவிட்டதால் மறுபாதி தப்பித்தது.

அப்புறம் அடித்தது பாருங்கள் சித்திரை வெயில்! மொட்டைப் பந்தலில் இருந்த பழமெல்லாம் வெந்து, பழுப்பேறி, சுருங்கித் தொங்கியது. ராஜா ஒன்றை வாயில் போட்டார். போட்ட வேகத்தில் துப்பினார்.

“யார் செய்த வேலை இது?”

“எல்லாம் தோட்டக்காரன்தான்! ஒழுங்காகத் தண்ணீர் விட்டிருக்க மாட்டான்” என்றார் பிரதானி.

“இன்று பொழுது சாய்வதற்குள் அவன் என் நாட்டைவிட்டுப் போக வேண்டும்!”

வேலப்பனின் மனைவி செங்கமலம் நிறைமாதக் கர்ப்பிணி. அவளுடைய அண்ணன் மாசிலாமணி, சபையில் சாதுர்யக்காரன் என்று பேர் வாங்கியவன். சேதி கேட்டுத் தலைதெறிக்கத் தோட்டத்துக்கு ஓடிவந்தான்.

“என்ன நடந்துச்சு மாப்பிள்ளை?”

“இலைதானே மச்சான் பழத்துக்கு நிழலு! ‘குறுக்கே நிக்குற திமிரு, ராஜா தரிசனத்தை மறைக்குது’ன்னு பிரதானி சொல்ல, அதைப் பிய்ச்சுப்புட்டாங்க. பிய்க்கச் சொன்னது...” வேலப்பன் அரண்மனைப் பக்கம் கை காட்டினான்.

ராஜாவின் தப்பை ராஜாவிடமே சொன்னால் மாப்பிள்ளையோடு மச்சானும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று மாசிலாமணிக்குத் தெரியும். ஆனால் இந்த நிலைமையில் தங்கை எந்தக் காட்டு வழியில் நடப்பாள்? நேராகச் சபைக்குப் போனான்.

“மகாராஜா, குற்றவாளி வேறு ஆள். பழத்தைச் சுட்டது சூரியன்!”

சபை கொல்லென்று சிரித்தது. மாசிலாமணி சிரிக்கவில்லை.

“தாங்கள் கைகட்டி நிற்க வைத்த பயல், தங்கள் பழத்திலேயே கை வைத்திருக்கிறான். இதைச் சும்மா விட்டால் தங்கள் பட்டம் என்ன ஆவது?”

ராஜாவின் மீசை துடித்தது. “இழுத்து வா அவனை!”

“இங்கே கூரை இருக்கிறதே, மகாராஜா. அவனால் உள்ளே வர முடியாது. உச்சிவேளையில் தோட்டத்தில் கட்டாயம் இருப்பான். அங்கேயே வைத்து விசாரிக்கலாம்.”

உச்சிவேளை. மொட்டைப் பந்தலில் பொன் சிம்மாசனம் போட்டாயிற்று. சேவகன் வெண்கொற்றக்குடையை விரித்தான்.

“நீதி சொல்பவருக்கும் குற்றவாளிக்கும் குறுக்கே குடை நிற்கலாமா? குறுக்கே நிற்பதெல்லாம் திமிர் என்று பிரதானியே சொல்லியிருக்கிறாரே!” என்றான் மாசிலாமணி.

“நிற்கக் கூடாதுதான்” என்றார் பிரதானி. குடை மடங்கியது.

பிரதானி குற்றச்சாட்டை வாசித்து முடித்தார். மாசிலாமணி வானத்தைப் பார்த்துக் கேட்டான்: “சூரியா, குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?” பதில் இல்லை.

“யோசிக்கிறான், மகாராஜா. கொஞ்சம் அவகாசம் கொடுப்போம்.”

கொடுத்தார்கள். பொன் சிம்மாசனம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. ராஜா இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார், கடைசியில் எழுந்தே நின்றுவிட்டார். அரண்மனை ஜோசியர், ‘இந்தத் திசைக்கு இன்று சூலம்’ என்று முனகிக்கொண்டே இலையிருந்த பந்தலுக்கு நழுவினார். இரும்புக் கவசத்துக்குள் வெந்துகொண்டிருந்த சேனாதிபதி, ஜோசியருக்குப் பாதுகாப்பு கொடுக்க அவர் பின்னாலேயே ஓடினார்.

“விசாரணையை அந்தப் பக்கம் மாற்றுங்கள்!” என்று கத்திவிட்டு ராஜாவும் ஓடினார்.

இலைநிழலில் உட்கார்ந்ததும் அவருக்கு உயிர் வந்தது. தலைக்கு மேலே தொங்கிய பழம் ஒன்றைப் பறித்து வாயில் போட்டார். தேன்!

“இது மட்டும் எப்படித் தப்பித்தது? அந்தப் பயல் இங்கே வரவில்லையா?”

“தினமும் வந்தான், மகாராஜா. இலைகள்தான் உள்ளே விடவில்லை.”

ராஜா அடுத்த பழத்தை மெதுவாக மென்றார்.

வாதி என்பதால் இடத்தைவிட்டு நகர முடியாமல் பிரதானி மட்டும் வெயிலிலேயே நின்றார். அவருடைய வழுக்கைத் தலை செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. “மகாராஜா, அடியேனும் அங்கே வரட்டுமா?” என்றார் பரிதாபமாக.

“எப்படி வருவார், மகாராஜா?” மாசிலாமணி பதறிப்போனவன் போலக் குறுக்கிட்டான். “இங்கே இலைகள் மறைக்கின்றனவே, அவருக்குத் தங்கள் தரிசனம் கிடைக்காதே! முதலில் இவற்றையும் பிய்த்துவிடச் சொல்கிறேன். யாரங்கே...”

ராஜா துள்ளி எழுந்தார். “ஓர் இலையைத் தொட்டாலும் தொட்டவன் கையை வாங்கிவிடுவேன்!”

சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ராஜா விழித்தார். பிறகு தொந்தி குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“அடேய், என் வாயாலேயே தீர்ப்பு வாங்கிவிட்டாயே! வேலப்பன் எங்கேயும் போக வேண்டாம். மொட்டைப் பந்தல்மேல் ஓலை வேயட்டும், கொடியாவது பிழைக்கும். உன் தங்கைக்கு ஒரு கூடைப் பழம் கொண்டுபோ.” திடீரென்று அவர் முகம் வாடியது. “ஆனால் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டேனே. ராஜா வாக்கு வீணாகலாமா? யாராவது போய்த்தானே ஆக வேண்டும்?”

பிரதானி மெல்லப் பின்வாங்கினார்.

“குற்றவாளியே போகட்டும், மகாராஜா” என்றான் மாசிலாமணி.

அன்று மாலை ராஜாவும் சபையும் மாடியில் கூடி நின்றார்கள். சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் மெல்ல இறங்கினான். ராஜா மீசையை முறுக்கிக்கொண்டு பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கே மனசு இளகிவிட்டது.

“எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் போகிறான் பார், மாசிலாமணி. அவமானத்தில் முகமெல்லாம் எப்படிச் சிவந்துவிட்டது! பாவம், ஓடிப்போய்ச் சொல்லு... காலையில் திரும்பி வரட்டும்.”