எந்தப் பக்கத்து ரத்தம்

“யாரு பக்கத்துலருந்து வந்ததுங்க, டீச்சர்?”

தீர்த்தகிரி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

குமுதவல்லி டீச்சர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஈரப் புடவையை ஓங்கி உதறினார். தண்ணீர் தீர்த்தகிரியின் சட்டையில் தெறித்தது.

“எது?” என்றார்.

“என் பொண்ணைக் கொண்டுபோன நோய்.”

டீச்சர் புடவையைக் கொடியில் போட்டு ஓரத்தை இழுத்துவிட்டார். உள்ளே போய் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து வேப்பமரத்தடியில் விரித்தார்.

“உக்காருங்கண்ணா.”

கடைசி பஸ் நிற்கிற இடத்தையும் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது டீச்சரின் வீடு. ஒரு காலத்தில் கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து, முன்னறையில் நுண்ணோக்கியும் இன்னும் சில கருவிகளும் வைத்துக்கொண்டு, கல்யாணம் பேசுகிற வீடுகளின் ரத்தத்தில் பிள்ளைக்கு இறங்குகிற நோய் இருக்கிறதா என்று சோதித்துச் சொல்கிறார்.

குருவைத் தேடிப் போகிறவர்கள் மோட்சத்துக்கு வழி கேட்பார்கள் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இவரிடம் வருகிறவர்கள் கையை நீட்டுகிறார்கள்; ஊசி குத்தினால் ‘ஸ்’ என்கிறார்கள். அவ்வளவுதான். பத்துப் பொருத்தம் பார்க்க அலைகிற ஜனம் பதினோராவதாக இதையும் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்பது டீச்சரின் தீராத கோபம். இரண்டு நிச்சயதார்த்தம் அவரால் நின்றுபோயிருக்கிறது. பாதி ஊர் அவரோடு பேசுவதில்லை.

தீர்த்தகிரி அவரைவிடப் பத்து வயது மூத்தவர். தருமபுரிப் பக்கம் பந்தல், நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். எந்த வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதலில் போய் இறங்குவது அவருடைய நாற்காலிகள்தான்.

அவருடைய ஒரே மகள் ஓவியா. பிறந்த ஆறாம் மாதமே வெளுத்துப்போனாள். தலசீமியா என்றார்கள். மாதாமாதம் ஊரார் ரத்தத்தை ஏற்றி எட்டு வயது வரை கொண்டுவந்தார்கள். போன ஐப்பசி மழையில் போய்விட்டாள்.

இப்போது வீடு நிறைய நாற்காலி. உட்கார ஆள் இல்லை.

“டாக்டர் சொல்லலையா?” என்று கேட்டார் டீச்சர்.

“ரெண்டு பேருகிட்டருந்தும் வந்ததுன்னாரு. எங்க அம்மா அது அந்தப் பக்கத்து ரத்தம்ங்குது. மாமியா, உங்க பக்கம்ங்கறாங்க. மொதமொதல்ல யாரோ ஒருத்தர்கிட்டதானேங்க ஆரம்பிச்சிருக்கணும்?”

“தெரிஞ்சா என்ன செய்வீங்க?”

“என் பக்கம்னா இன்னிக்கே போயி மாதேஸ்வரி கால்ல விழுந்துடறேன்.”

“அவங்க பக்கம்னா?”

“அவ வரட்டும்.”

மாதேஸ்வரி அவருடைய மனைவி. பொங்கலுக்கு முன்பு அப்பா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. இவரும் கூப்பிடவில்லை. ஒரே வீட்டில் ஒரே துக்கத்தைச் சுமந்த இருவரும் இப்போது ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து அதையே சுமந்துகொண்டிருந்தார்கள்.

“எதுக்குப் போனாங்க?”

“ஒரு சைக்கிளுக்கு.”

டீச்சர் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

“பாப்பாவோட சின்ன சைக்கிள். மழையில துருப்புடிச்சு நின்னுது. பழைய இரும்புக்காரன்கிட்டப் போட்டுட்டேன். அதுக்காக ஒருத்தி வூட்டை வுட்டுப் போவாளா? குடி கெடையாதுங்க. ஒரு நாளு கைநீட்டுனதில்ல. ஆஸ்பத்திரிக்கு ஒரு மாசம் தவறுனதில்ல. என்மேல ஒரு குறை சொல்ல முடியாது.”

“குறை இல்ல,” என்றார் டீச்சர், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. பிறகு வேலியைக் காட்டினார். “சங்குப்பூ பூத்திருக்குது. ஒரு கை பறிச்சுட்டு வாங்க.”

தீர்த்தகிரிக்குச் சுருக்கென்றது. ரத்தத்தைப் பற்றிக் கேட்டால் பூப் பறிக்கச் சொல்கிறாரே இந்த அம்மா. ஆனாலும் எழுந்து போனார். வீட்டுக்குப் போய்த்தான் என்ன செய்யப்போகிறார்?

டீச்சர் பூவை வெந்நீரில் போட்டார். தண்ணீர் நீலமானது. அதை இரண்டு கண்ணாடித் தம்ளரில் ஊற்றினார். ஒன்றில் மட்டும் விரல் நுனியளவு சோடா உப்பைக் கலந்தார். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரு கிண்ணத்தில் வைத்தார். இங்க் ஃபில்லரைத் தீர்த்தகிரியின் கையில் கொடுத்தார்.

“வெறும் தண்ணியில ஒரு சொட்டு விடுங்க.”

விட்டார். நீலம் உடனே ஊதாவாகிவிட்டது.

“இப்ப சோடா போட்டதுல.”

விட்டார். நீலம் நீலமாகவே இருந்தது. இன்னொரு சொட்டு. இன்னொன்று. அப்படியேதான் இருந்தது.

“நம்ம ரத்தத்துலயும் இந்த உப்புதான் இருக்குது,” என்றார் டீச்சர். “ஓடினாலும் புளிப்பு சேரும், மூச்சு முட்டினாலும் சேரும். ரத்தம் மாறாது. மாறினா ஆளு இல்ல.”

தீர்த்தகிரி அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்குப் பிடித்துப்போனது.

“நானும் இப்படித்தாங்க நின்னேன்.”

“எப்ப?”

“பாப்பா போனன்னிக்கு. எல்லாரும் அழுவுறாங்க. நான் பந்தல் போட்டேன். நாற்காலி எறக்கினேன். வந்தவங்களுக்கு டீ சொன்னேன். ஒருத்தரு நின்னுக்கிட்டு இருக்கக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்துப் போட்டேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வுடல.”

“மாதேஸ்வரி பார்த்தாங்களா?”

“பார்த்துக்கிட்டேதான் இருந்தா.”

வேப்பமரத்தில் ஒரு அணில் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஏறிப் போனது.

“விடுங்க,” என்றார் டீச்சர். “நிறுத்தாதீங்க.”

அவர் விட்டுக்கொண்டே இருந்தார். கை வலித்தது. சொட்டு விழுந்ததும் தம்ளரிலிருந்து ஏதோ சத்தம் வருவதுபோல் இருந்தது. குனிந்து காதை வைத்தார். மெல்லிசாக ஒரு சீறல். உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சொட்டு விழுகிற இடத்தில் பொடிப் பொடியாய்க் குமிழி கிளம்பிக்கொண்டிருந்தது. இத்தனை நேரமும் கிளம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவர் நிறத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

“என்னங்க இது?”

“மூச்சு. புளிப்பை அது அப்படித்தான் வெளிய தள்ளுது. நீங்க விடற மூச்சும் அதுதான். ரெண்டு நிமிஷம் அடக்கிப் பாருங்க, தெரியும்.”

தீர்த்தகிரி அடக்கிப் பார்க்கவில்லை. ஐப்பசியிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோமோ என்று அவருக்கு ஒரு கணம் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை ஒதுக்கிவிட்டு ஃபில்லரை மறுபடியும் நிரப்பினார்.

குமிழி குறைந்தது. பிறகு நின்றுபோனது. அடுத்து ஒரு சொட்டு விழுந்தது. அத்தனை நேரம் அசையாமல் நின்ற நீலம் ஊதாவானது.

“போச்சு,” என்றார்.

“எந்தச் சொட்டால?”

“இதோ, இந்தக் கடைசிச் சொட்டால.”

டீச்சர் இன்னொரு தம்ளரில் பூத்தண்ணீர் ஊற்றி, சோடா கலந்து, அவர் முன்னால் நகர்த்தினார்.

“அந்தக் கடைசிச் சொட்டை மட்டும் இதுல விடுங்க.”

விட்டார். அது நீலமாகவே இருந்தது.

தீர்த்தகிரி ஃபில்லரைக் கீழே வைத்தார். சின்னச் சைக்கிள் ஒன்று பழைய இரும்புக்காரனின் தட்டு வண்டியில் கவிழ்த்துப் போட்டபடி தெருமுனையைத் திரும்புவது அவர் கண்ணுக்கு வந்தது. மாதேஸ்வரி கொஞ்ச தூரம் பின்னால் ஓடினாள். அன்றைக்கு அவர் அதைப் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தார். பார்த்திருக்கிறார்.

டீச்சர் பிழிந்த எலுமிச்சை மூடியை வேலியோரம் எறிந்துவிட்டு வந்தார்.

“நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலைங்களே,” என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

“உங்க அம்மாவோட அப்பா பேரு என்ன?”

“தீர்த்தகிரி. அவரு பேரைத்தான் எனக்கு வெச்சாங்க.”

“மாதேஸ்வரியோட அப்பா உங்களுக்கு என்ன வேணும்?”

“தாய்மாமன். அம்மாவோட தம்பி.”

“அவரோட அப்பா பேரு?”

தீர்த்தகிரி வாயைத் திறந்தார். மூடினார்.

“சொல்லுங்க.”

“தீர்த்தகிரி.”

“அந்தத் தாத்தாவா, அவரு கட்டின பாட்டியா, அவங்களுக்கும் முன்னாடி யாராவதா, எனக்குத் தெரியாது. ரத்தம் எப்படி உருவாகணும்னு உடம்புக்குள்ள நீளமா எழுதின சேதியில ஒரு எழுத்து மாறிப்போச்சு. மாத்தணும்னு யாரும் மாத்தல. அவருகிட்டருந்துதான்னே வெச்சுக்குவோம். அவரை எந்தப் பக்கம் உக்காரவெப்பீங்க?”

வாழ்நாளெல்லாம் ஆட்களை உட்காரவைத்தவருக்கு அதற்கு இடம் தெரியவில்லை.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க டீச்சர். ஒரு எழுத்து மாறினா ஒரு கொழந்தை சாவுமா? உள்ள என்னதான் நடந்துச்சு?”

டீச்சர் இரண்டு கைகளையும் விரல் மடக்கி, ஒன்றோடொன்று கோத்துக் காட்டினார்.

“ரத்தத்தைச் சிவப்பாக்குற புரதம் இது. ஆல்ஃபா ஒரு கை, பீட்டா ஒரு கை. ரெண்டும் சேர்ந்து மடிஞ்சாத்தான் மூச்சைத் தூக்கிக்கிட்டுப் போகும். அந்த எழுத்து மாறினதுல உங்க பாப்பாவுக்கு பீட்டா சரியா உருவாகல.”

“அப்ப அந்தக் கெட்டுப்போன பீட்டாதான் ரத்த அணுவை ஒடச்சுதுங்களா?”

“இல்ல.”

“பின்ன?”

“ஆல்ஃபா.”

“அதுல என்ன குறை?”

“ஒரு குறையும் இல்ல.”

தீர்த்தகிரி நிமிர்ந்து பார்த்தார்.

டீச்சர் ஒரு கையை எடுத்துவிட்டார். மற்றக் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. மெல்ல அது முஷ்டியாக இறுகியது.

“ஜோடி வரும்னு நிக்கும். வரலன்னா இப்படி இறுகிக் கட்டியாயிடும். தான் குடியிருக்கிற அணுவையே உடைச்சிடும். அதுல குறையே கெடையாது.”

தீர்த்தகிரி அந்த முஷ்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அப்படி நிக்கறப்ப... அதுக்கு வேற யாரும் இல்லைங்களா?”

“ஒண்ணு இருக்குது. பீட்டா வர்ற வரைக்கும் ஆல்ஃபாவைப் புடிச்சுக்கிட்டு நிக்க ஒரு சின்னப் புரதம். அதோட வேலையே அவ்வளவுதான்.”

“அது போதாதா?”

“அதால கொஞ்ச நேரம்தான் முடியும்,” என்றார் டீச்சர். எழுந்தார். தீர்த்தகிரி உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் கை வைத்தார். அவரும் எழ வேண்டியதாயிற்று. டீச்சர் நாற்காலியைப் படக்கென்று மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “பஸ் வந்துடும்ணா.”

வேலியருகே போய்த் தீர்த்தகிரி திரும்பிப் பார்த்தார். டீச்சர் மூன்று தம்ளரையும் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் வேறு சத்தமே இல்லை. டீச்சரைப் பிடித்துக்கொண்டு நிற்க யார் இருக்கிறார்கள் என்று தோன்றியது. கேட்கத் தைரியம் வரவில்லை.

பஸ்ஸில் அவர் தன் ஊர் நிறுத்தத்தில் இறங்கவில்லை.

சொல்லவேண்டியதை வழியெல்லாம் கோத்துக்கொண்டே போனார். முதலில் சைக்கிள். பிறகு நாற்காலிகள். பிறகு தாத்தா. எல்லாம் வரிசையாகத்தான் இருந்தது.

மாமா வீட்டு முற்றத்தில் வெயில் சாய்ந்திருந்தது. மாதேஸ்வரி தரையில் கோணிப்பை விரித்து, புளியிலிருந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். யாரோ வருகிற சத்தம் கேட்டு நிமிர்ந்தவள், அவரைப் பார்த்ததும் மறுபடியும் குனிந்துகொண்டாள்.

“டீச்சரைப் பார்த்துட்டு வரேன்.”

“எந்த டீச்சரு?”

“ரத்தம் பாக்குறவங்க.”

அவள் கை நின்றது. ஆனால் தலை நிமிரவில்லை.

“யாரு பக்கமாம்?”

அவர் வாயைத் திறந்தார். கோத்து வைத்திருந்ததில் ஒன்றும் வரவில்லை. உட்கார நாற்காலி தேடாமல் புளிக்கு நடுவிலேயே உட்கார்ந்தார். முதலில் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் கிளம்பியது. அது தன்னுடையதுதான் என்று அவருக்கே புரியவில்லை. பிறகு உடம்பு குலுங்கத் தொடங்கியது. அன்றைக்குப் பந்தலடியில் அழாததையெல்லாம், கேட்கிறவர்கள் கேட்கட்டும் என்று, வாய்விட்டு அழுதார்.

மாதேஸ்வரி புளி ஒட்டிய கையோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது முடிக்கட்டும் என்று விட்டாள்.

“சொல்லுங்க மாமா,” என்றாள். அவள் குரலும் உடைந்திருந்தது. “யாரு பக்கமாம்?”

“நம்ம பக்கம், புள்ள.”